மூளைக்கு யார் கரண்ட் கொடுப்பது?

பெங்களூரு அல்சூரில் எனக்கு ஒரு கல்லூரித் தோழர் இருக்கிறார். பொதுத்துறைத் தொழிற்சாலை ஒன்றில் முப்பது வருடம் லேத்தோடு மல்லுக்கட்டிவிட்டு ஓய்வு பெற்றவர். சில மாதங்களுக்கு முன் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். காபி வந்தது, முறுக்கு வந்தது. வழக்கமாக முதலில் வந்து வம்புக்கு இழுக்கும் மகன் மட்டும் வரவில்லை. அவன் அறைக் கதவு சாத்தியிருந்தது. மணி பதினொன்றரை.

"எழுந்திருக்க மாட்டேங்கறான்டா" என்றார் நண்பர். "இருபத்தேழு வயசு. கை நிறையச் சம்பளம். மூணு மாசமா லீவு மேல லீவு. தைராய்டு பார்த்தாச்சு, ரத்தம் பார்த்தாச்சு, வைட்டமின் பார்த்தாச்சு. எல்லாம் நார்மல். அப்புறம் என்ன? சோம்பேறித்தனம்தான்."

அவர் மனைவி சமையலறை வாசலில் நின்றபடி குறுக்கிட்டார். "அப்படிச் சொல்லாதீங்கன்னா கேக்கறாரா அண்ணா? பல் தேய்க்கப் போறதுக்கே மலை ஏறற மாதிரி இருக்கும்மான்னு எங்கிட்ட சொல்றான். பொய் சொல்ற பிள்ளை இல்லை அவன்."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். அறிவியல் பக்கம் எழுதுகிறவனுக்கு வைத்தியமும் தெரியும் என்ற நம்பிக்கை நம் ஊரில் பரவலாக உண்டு. எனக்குத் தெரியாது. ஒரு மனநல மருத்துவரிடம் காட்டிவிடுங்களேன் என்று மட்டும் சொன்னேன். நண்பரின் முகம் சுருங்கியது. "நிம்ஹான்ஸுக்கா? அதுக்கு நான் அல்சூரைக் காலி பண்ணிட்டுப் போயிடலாம்." சென்னையில் 'கீழ்ப்பாக்கம்' என்ற ஊர்ப் பெயருக்கு நாம் செய்து வைத்திருக்கும் அநியாயத்தை பெங்களூருக்காரர்கள் நிம்ஹான்ஸ் என்ற பெயருக்குச் செய்து வைத்திருக்கிறார்கள்.

சென்னை திரும்பும் ரயிலில் அந்தப் பையன் சொன்ன வாக்கியம்தான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. பல் தேய்க்க மலை ஏறும் அளவு சக்தி செலவாகிறது என்கிறான். அவன் தின்கிற சோற்றில் குறைவில்லை. ரத்தத்தில் குறைவில்லை. அப்படியானால் குறைவு எங்கே? மூளையில் சக்தித் தட்டுப்பாடு என்று ஒன்று இருக்க முடியுமா? மூளைக்கு எவ்வளவு சக்தி உற்பத்தியாக வேண்டும் என்று யார் முடிவு செய்கிறார்கள்?

இந்தக் கேள்விக்கு ஒரு பகுதி விடை நம் நாட்டிலேயே கிடைத்திருக்கிறது. அதற்கான அங்கீகாரம் நண்பர் வசிக்கும் அதே பெங்களூரிலிருந்துதான் அறிவிக்கப்பட்டது. 2022 நவம்பர் 15 அன்று இன்ஃபோசிஸ் அறிவியல் அறக்கட்டளை ஆறு பேருக்கு விருது அறிவித்தது. தங்கப் பதக்கம், பாராட்டுப் பத்திரம், தலைக்கு ஒரு லட்சம் டாலர். உயிரியல் துறை விருதைப் பெற்றவர் மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் விதிதா வைத்யா. பதற்றம், மனச்சோர்வு போன்றவற்றின் பின்னால் மூளையில் என்ன நடக்கிறது என்பதைப் பல ஆண்டுகளாகத் துருவி வருபவர். விருதுக்கான காரணங்களில் ஒன்றாக, மூளைச் செல்களின் சக்தி நிர்வாகத்தில் செரடோனினின் பங்கைக் காட்டியதையும் குறிப்பிட்டிருந்தார்கள். மறுநாள் செய்திகளில் இது ஒரு வரியாகக் கடந்து போனது. கொஞ்சம் நின்று பார்த்திருக்க வேண்டிய வரி.

முதலில் மூளையின் மின்கட்டணம். நிம்ஹான்ஸ் வளாகத்தில் ஒரு மூளை அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே மனித மூளையைப் பார்ப்பவர்களுக்கு முதலில் தோன்றுவது, 'இவ்வளவுதானா?' என்பது. ஒன்றே கால், ஒன்றரை கிலோ. உடல் எடையில் 100க்கு 2 பங்கு. ஆனால் ஓய்வாக இருக்கும்போது உடல் செலவழிக்கும் சக்தியில் ஏறக்குறைய 20 பங்கை இது ஒன்றே விழுங்குகிறது. வாட் கணக்கில் சொன்னால் சுமார் 20 வாட். மங்கலான ஒரு பல்புக்கு ஆகும் மின்சாரம். கணக்குப் போட்டாலும் சரி, சும்மா விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாலும் சரி, இந்த மீட்டர் பெரிதாக ஏறி இறங்குவதில்லை. படுத்திருப்பவன் மூளை ஓய்வெடுக்கிறது என்பது நம் கற்பனை.

எரிபொருள் குளூக்கோஸ், அதாவது சர்க்கரை. ஒரு நாளைக்குச் சுமார் 120 கிராம். இதில் சிக்கல், மூளையிடம் சேமிப்பு கிடையாது என்பதுதான். ஈரலைப்போல, தசையைப்போல மூட்டை கட்டி வைத்துக்கொள்ள அதற்கு இடமில்லை. ரத்தம் கொண்டுவந்து கொடுக்கக் கொடுக்கச் செலவு. வரத்து நின்றால் பத்து விநாடி போலத்தான் தாங்கும், நினைவு போய்விடும்.

குளூக்கோஸை அப்படியே செலவழிக்கவும் முடியாது. டவுன் பஸ்ஸில் ஐந்நூறு ரூபாய் நோட்டை நீட்டினால் கண்டக்டர் என்ன செய்வார்? சில்லறை கேட்பார். செல்லும் சில்லறைதான் கேட்கிறது. அந்தச் சில்லறைக்குப் பெயர் ஏ.டி.பி. நோட்டைச் சில்லறையாக மாற்றிக் கொடுக்கும் இடம் மைட்டோகாண்ட்ரியா: ஒவ்வொரு செல்லுக்குள்ளும் நூற்றுக்கணக்கில், சிலவற்றில் ஆயிரக்கணக்கில் இருக்கும் நுண்ணிய உறுப்புகள். அவற்றுக்கென்று தனியாக ஒரு குட்டி மரபுச் சங்கிலி உண்டு. மனிதரில் அதில் 37 மரபணுக்கள். அது தாய் வழியாக மட்டுமே வந்து சேர்கிறது. மனித மூளையின் மேற்பட்டையில் சும்மா இருக்கும் ஒரே ஒரு நரம்புச் செல், ஒரு விநாடிக்குச் சுமார் 470 கோடி ஏ.டி.பி. மூலக்கூறுகளைச் செலவழிக்கிறது என்று 2012இல் ஓர் ஆய்வுக் குழு கணக்கிட்டது. மூளையில் அப்படிப்பட்ட செல்கள் மொத்தம் 8,600 கோடி. செலவில் பெரும் பகுதி, செல்லுக்குள் நுழைந்துவிட்ட சோடியத்தை வெளியேற்றிப் பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும் பம்புகளுக்குப் போகிறது. கிணற்றில் ஊறும் நீரை இறைத்துக்கொண்டே இருப்பது போன்ற வேலை. நிறுத்தினால் அடுத்த சேதியை அனுப்ப முடியாது.

நரம்புச் செல்கள் ஒன்றோடொன்று பேசுவது ரசாயனங்கள் மூலம். நரம்புத் தூதுவர்கள் என்று வைத்துக்கொள்வோம். குளூட்டமேட், டோபமைன், நார்அட்ரினலின், செரடோனின் என்று பெரிய பட்டியல். ஒரு செல் தூதுவரை வெளியே விடுகிறது. எதிர்க்கரையில் இருக்கும் செல்லின் மேல் அந்தத் தூதுவருக்கென்றே செய்த பூட்டு மாதிரி ஓர் ஏற்பி இருக்கிறது. தூதுவர் போய்ப் பொருந்தியதும் அந்தச் செல் விழிக்கிறது அல்லது அடங்குகிறது. வெகுகாலம் இதைச் சேதி சொல்லும் வேலையாக மட்டுமே பார்த்தார்கள். சேதி ஒரு துறை, மின்சாரம் ஒரு துறை. தந்தி ஆபீசுக்கும் மின்வாரியத்துக்கும் சம்பந்தம் இல்லை என்பதுபோல.

சம்பந்தம் உண்டு என்பதற்குத் தடயங்கள் முன்பே கிடைத்திருந்தன. 1994இல் ஸ்விட்சர்லாந்தின் பெல்லரன், மாஜிஸ்ட்ரெட்டி இருவரும் குளூட்டமேட்டை வைத்து ஒரு விஷயத்தைக் காட்டினார்கள். நரம்புச் செல்களைச் சுற்றி நட்சத்திர வடிவத்தில் உதவிச் செல்கள் இருக்கின்றன. பேச்சு முடிந்து சிந்திக் கிடக்கும் குளூட்டமேட்டை அவை உறிஞ்சும்போது, கூடுதலாகச் சர்க்கரையை உடைத்து லாக்டேட் என்ற பாதி வெந்த எரிபொருளை வெளியே விடுகின்றன. அதைப் பக்கத்து நரம்புச் செல் எடுத்து எரிக்கிறது என்பது அவர்கள் கருத்து. பேச்சு அதிகமானால் சாப்பாடும் அதிகம் வரும் ஏற்பாடு. இதன் அளவு பற்றி இன்றும் சண்டை நடக்கிறது என்பது வேறு விஷயம்.

டோபமைன் கதை இன்னும் கொடுமையானது. 1980களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவில் போதைக்காகத் தயாரித்த கள்ளச் சரக்கு ஒன்றை ஊசி போட்டுக்கொண்ட சில இளைஞர்கள் பார்க்கின்சன் நோயாளிகளைப்போல் உறைந்து போனார்கள். சரக்கில் கலந்திருந்த ஒரு பொருள், டோபமைன் செல்களுக்குள் புகுந்து அவற்றின் மைட்டோகாண்ட்ரியாவை முடக்கிவிட்டது. டோபமைன் செல்கள் ஒவ்வொன்றும் லட்சக்கணக்கான கிளைமுனைகளைப் பரப்பி வைத்துக்கொண்டு ஏற்கெனவே அதிக மின்கட்டணம் கட்டுபவை. மின்தடை வந்தால் முதலில் இருளும் தெரு அதுதான்.

செரடோனினுக்கு வருவோம். அது மூளைக்குள் நுழைந்த கதையே விசித்திரம். 1948இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் ரத்த அழுத்தத்தை ஆராய்ந்துகொண்டிருந்த மாரிஸ் ரப்போர்ட் குழுவினர், ரத்தக் குழாய்களைச் சுருக்கும் ஒரு பொருளைப் பிரித்தெடுத்துப் பெயர் வைத்தார்கள். இத்தாலியின் எர்ஸ்பாமர் அதையே குடலில் முன்னமே கண்டு வேறு பெயர் வைத்திருந்தார். இன்றைக்கும் உடலில் உள்ள செரடோனினில் பத்தில் ஒன்பது பங்கு குடல் பக்கம்தான். 1953இல் பெட்டி ட்வாராக் என்ற இளம் பெண் விஞ்ஞானி அது மூளையிலும் இருப்பதைக் காட்டினார்.

அடுத்த திருப்பத்தில் நம் ஊர் மூலிகை வருகிறது. சர்ப்பகந்தா. மன நோய்க்கும் ரத்தக் கொதிப்புக்கும் அது பயன்படுவதை 1931இலேயே கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் இருவரும் எழுதினார்கள். 1949இல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் வக்கீல் ரத்தக் கொதிப்புக்கு அது தரும் பலனை இங்கிலாந்து இதழ் ஒன்றில் வெளியிட்ட பிறகு உலகமே அதைத் தேடி வந்தது. அதிலிருந்து பிரித்த ரிசர்பின் என்ற மருந்தைச் சாப்பிட்டவர்களில் சிலர் சோர்ந்து போய் உட்கார்ந்தார்கள். 1955இல் ரிசர்பின் மூளையில் செரடோனினைக் காலி செய்கிறது என்று தெரிந்தது. எதிர்ப்பக்கம், காசநோய்க்குக் கொடுத்த ஒரு மாத்திரை நோயாளிகளைக் குதூகலப்படுத்தியது; அது செரடோனின் முதலான தூதுவர்கள் சிதைவதைத் தடுக்கிறது என்று கண்டார்கள். இரண்டையும் முடிச்சுப் போட்டால் கணக்கு சுலபம். செரடோனின் குறைந்தால் சோகம், கூடினால் சுகம். 1987 கடைசியில் அமெரிக்காவில் புரோசாக் மாத்திரைக்கு அனுமதி கிடைத்ததும் இந்தக் கணக்கு பாமரர் வரை பரவியது. செரடோனினுக்கு 'மகிழ்ச்சி ரசாயனம்' என்று பட்டமும் கட்டிவிட்டார்கள். பத்திரிகைக்காரர்களான எங்களுக்கு அதில் கணிசமான பங்கு உண்டு.

கணக்கில் ஓர் ஓட்டை எப்போதுமே இருந்தது. இந்த மாத்திரைகள் சில மணி நேரத்திலேயே மூளையில் செரடோனினைக் கூட்டத் தொடங்குகின்றன. நோயாளி தேறுவதற்கோ பல வாரங்கள் ஆகின்றன. குறைந்ததை நிரப்புவதுதான் வைத்தியம் என்றால், டாங்க் நிரம்பியதும் குழாயில் தண்ணீர் வரவேண்டுமே?

விதிதா வைத்யா இந்த ஓட்டையின் ஓரத்தில் வளர்ந்தவர் என்று சொல்லலாம். பெற்றோர் அசோக் வைத்யா, ரமா வைத்யா இருவருமே மருத்துவ ஆராய்ச்சியாளர்கள். மும்பை செயின்ட் சேவியர் கல்லூரியில் படித்துவிட்டு அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ரொனால்ட் டூமனிடம் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தார். மனச்சோர்வு மருந்துகள் தூதுவர்களின் அளவைக் கூட்டுவதோடு நிற்காமல், மூளைச் செல்களின் வளர்ச்சிக்கு உரம் போடும் புரதங்களையும் தூண்டுகின்றன என்று காட்டிய ஆய்வுக்கூடம் அது. செரடோனினுக்குக் குறைந்தது 14 வகை ஏற்பிகள் உண்டு. அவற்றில் 5-எச்.டி.2ஏ என்று வாயில் நுழையாத பெயர் கொண்ட ஒன்றின் மேல் விதிதா 1997லேயே கட்டுரை எழுதியிருக்கிறார். 2000இல் டாடா நிறுவனத்தில் சொந்த ஆய்வுக்கூடம் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது முப்பதுகூட ஆகவில்லை.

2019இல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் இதழில் வெளியான கட்டுரைதான் நம் விஷயம். முதல் பெயர் சஷைனா ஃபனிபந்தா. உடன் அதே நிறுவனத்தில் அப்போது இருந்த உல்லாஸ் கோல்தூர் சீதாராம், கஸ்தூர்பா ஹெல்த் சொசைட்டியின் அசோக் வைத்யா (ஆம், தந்தையேதான்), இன்னும் பலர். அவர்கள் கேட்ட கேள்வி எளிமையானது. நரம்புச் செல்லின் மேல் செரடோனின் வந்து விழுந்தால் உள்ளே இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவுக்கு ஏதாவது ஆகிறதா?

எலி மூளையின் மேற்பட்டையிலிருந்து நரம்புச் செல்களை எடுத்துக் கண்ணாடித் தட்டில் வளர்த்தார்கள். செரடோனின் கொடுத்தார்கள். மைட்டோகாண்ட்ரியாவின் மரபுச் சங்கிலிப் பிரதிகள் கூடின. மைட்டோகாண்ட்ரியா செய்யத் தேவையான உதிரி பாகங்கள் கூடின. செல்லின் சுவாசத் திறன் கூடியது, ஏ.டி.பி. கூடியது. அதாவது, இருந்த மில்லை ஓவர்டைம் ஓட்டியதோடு நிற்கவில்லை. புது மில்கள் கட்டப்பட்டன. 5-எச்.டி.2ஏ ஏற்பியை மருந்தால் அடைத்துவிட்டால் இதில் எதுவும் நடக்கவில்லை. ஆக, உத்தரவு அந்த வாசல் வழியாகத்தான் போகிறது.

உள்ளே போன உத்தரவு யார் மேஜைக்குப் போகிறது என்றும் தேடினார்கள். சர்ட்-1, பி.ஜி.சி.-1 ஆல்ஃபா என்று இரண்டு புரதங்கள். இரண்டாவது, 1998இல் எலியின் பழுப்புக் கொழுப்பில் கண்டுபிடிக்கப்பட்டது. குளிர் தாக்கினால் உடம்பில் சூடு உண்டாக்க மைட்டோகாண்ட்ரியாவைப் பெருக்கும் மேலாளர் அது. முதலாவது, பட்டினி கிடக்கும்போது விழித்துக்கொண்டு செலவை ஒழுங்குபடுத்தும் கணக்குப்பிள்ளை. சர்ட்-1 இல்லாத செல்லில் செரடோனின் எவ்வளவு கொட்டினாலும் புது மில் எழும்பவில்லை.

தட்டில் நடப்பது தலைக்குள்ளும் நடக்குமா என்ற சந்தேகம் நியாயமானது. எலிகளின் மூளை மேற்பட்டைக்குள் நேரடியாகச் செரடோனினைச் செலுத்திப் பார்த்தார்கள். செரடோனின் சுரக்கும் செல்களை மட்டும் தனியாகத் தூண்டியும் பார்த்தார்கள். இரண்டிலும் அதே பலன். இன்னொன்றும் தெரிந்தது. செரடோனின் பெற்ற செல்களில், மில் ஓடும்போது வெளியாகும் நச்சுப் புகை (ஆக்ஸிஜனின் முரட்டு வடிவங்கள்) குறைந்தது, புகையை வடிகட்டும் நொதிகள் கூடின. வழக்கமாகச் செல்லைக் கொன்றுவிடும் அதிர்ச்சிகளை அவை கூடுதலாகத் தாங்கின.

கர்நாடகத்துக்காரர்களுக்கு இதைப் புரியவைக்கச் சிவனசமுத்திரம் போதும். 1902 ஜூனில் காவிரி நீர்வீழ்ச்சியில் நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கியபோது அதன் மின்சாரம் பக்கத்து ஊர்களுக்குப் போகவில்லை. சுமார் 90 மைல் தாண்டி, கம்பி வழியே கோலார் தங்க வயலுக்குப் போனது. அங்கே சுரங்கத்துக்குள் இறங்கிய தொழிலாளர்களில் பெரும்பாலோர் வட ஆற்காடு, சேலம் பக்கத்துத் தமிழர்கள். பெங்களூருக்கு விளக்கு எரிந்தது 1905இல்தான். நிலையத்துக்கு வித்திட்ட திவான் சேஷாத்ரி ஐயர் அது ஓடுவதைப் பார்க்காமல் 1901லேயே காலமாகிவிட்டார். கவனிக்க வேண்டியது, மின் நிலையம் தானாக முளைக்கவில்லை. தொலைவில் ஓரிடத்தில் தேவை இருந்தது, அங்கிருந்து ஒரு சொல் வந்தது, அதன் பேரில் கட்டினார்கள். மூளையில் செரடோனின் செல்கள் இருப்பது மூளைத் தண்டில், சில லட்சம் மட்டும். அவற்றின் கிளைகள் மூளையின் மூலை முடுக்கெல்லாம் போகின்றன. அங்கிருந்து போகும் சேதி, விளக்கைப் போடு, அணை என்பதோடு நிற்கவில்லை. இந்தத் தெருவில் ஒரு மின் நிலையம் கட்டு என்றும் சொல்கிறது என்பதே மும்பைக் குழுவினர் கண்டது. மின் நிலையம் ஒரு மணி நேரத்தில் எழும்பாது. மாத்திரை பலனளிக்கப் பல வாரம் ஆவதில் இதற்கும் ஒரு பங்கு இருக்கலாமோ என்று எனக்குத் தோன்றுகிறது. தோன்றுவது வேறு, நிரூபணம் வேறு. இது எலியில் செய்த ஆய்வு. மனச்சோர்வு உள்ள மனிதரின் மூளையில் இதே சங்கிலிதான் அறுபட்டிருக்கிறது என்று அந்தக் கட்டுரை சொல்லவில்லை, நானும் சொல்ல முடியாது.

சொல்ல முடியாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. பெங்களூரு விருது அறிவிப்புக்கு நான்கு மாதம் முன்பு, 2022 ஜூலையில், லண்டனில் ஜோனா மான்கிரீஃப் தலைமையில் ஒரு குழு பல பத்தாண்டு ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்துவிட்டு, செரடோனின் குறைவதால்தான் மனச்சோர்வு வருகிறது என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்று எழுதியது. பெரிய ரகளை. மாத்திரையெல்லாம் மோசடி என்று சிலர் கிளம்பினார்கள். மனநல மருத்துவர்கள் பலர் பதில் சொன்னார்கள்: மாத்திரை பலனளிக்கிறதா என்பது ஒரு கேள்வி, எந்த வழியில் பலனளிக்கிறது என்பது இன்னொரு கேள்வி; தலைவலிக்கு மாத்திரை கேட்கிறது என்பதால் உடம்பில் மாத்திரைக் குறைபாடு என்று அர்த்தமில்லை. எனக்கு இந்தப் பதில் சரியென்று படுகிறது. மகிழ்ச்சியைக் குப்பியில் அடைத்த ரசாயனம் என்ற பட்டத்தைச் செரடோனின் இழந்தால் நஷ்டமில்லை. செல்லின் உலையை நிர்வகிக்கும் வேலை அதைவிடக் கௌரவமானது. ஒன்று மட்டும்: இந்தச் சர்ச்சையைப் படித்துவிட்டு மாத்திரையைத் திடீரென்று தானே நிறுத்துபவர்கள் தலைச்சுற்றலும் தூக்கமின்மையுமாக அவதிப்படுகிறார்கள். நிறுத்துவதும் மருத்துவர் சொல்லி, படிப்படியாகத்தான்.

அதேபோல, 5-எச்.டி.2ஏ வாசலைத் தட்டும் பொருள்களில் சில போதைப்பொருள்களும் உண்டு. எலியில் ஏ.டி.பி. கூடியது என்பதை வைத்து யாரும் அந்தப் பக்கம் போக வேண்டாம். வாழைப்பழத்தில் செரடோனின் இருக்கிறதாமே என்று டஜன் கணக்கில் வாங்கவும் வேண்டாம். ரத்தத்தில் இருக்கும் செரடோனின் மூளைக்குள் நுழைய முடியாது. மூளை தனக்கு வேண்டியதைத் தானே தயாரித்துக்கொள்கிறது.

ஆங்கிலத்தில் இந்த நோய்க்கு டிப்ரஷன் என்று பெயர். கீழே அழுத்துவது என்று பொருள். அதைப் பார்த்து நம் செய்தித்தாள்கள் 'மன அழுத்தம்' என்று எழுதி, பரீட்சை டென்ஷனுக்கும் அதே சொல்லைப் போட்டுக் குழப்புகின்றன. தமிழ் மருத்துவர்கள் வழங்கும் சொல் மனச்சோர்வு. சோர்வு என்ற சொல்லை வைத்தவர் யாரோ, மைட்டோகாண்ட்ரியாவைப் பற்றி யோசித்திருக்க வாய்ப்பில்லை. ஆனாலும் நோயாளி சொல்வதைக் காது கொடுத்துக் கேட்டிருக்கிறார். சோகம், அழுகை இவற்றைத்தான் நாம் அடையாளமாக நினைக்கிறோம். உலகெங்கும் மனநல மருத்துவர்கள் பயன்படுத்தும் அமெரிக்கக் கையேட்டில் உள்ள ஒன்பது அறிகுறிகளில், களைப்பு அல்லது சக்தியின்மை தனியாக ஒன்று. தூக்கக் கோளாறு, பசி மாற்றம், கவனம் நிலைக்காமை, எதிலும் நாட்டமின்மை எல்லாம் அதே பட்டியலில் உண்டு. சில சேர்ந்து இரண்டு வாரத்துக்கு மேல் தங்கினால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். அழாமலே, சிரித்துப் பேசிக்கொண்டே இந்த நோயைச் சுமப்பவர்கள் உண்டு. வீட்டில் கிடைக்கும் பெயர் சோம்பேறி, ஆபீசில் கிடைக்கும் பெயர் பொறுப்பில்லாதவன்.

2015-16இல் நிம்ஹான்ஸ் 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, இந்தியாவில் வயது வந்தோரில் 20 பேருக்கு ஒருவர் வாழ்நாளில் எப்போதாவது மனச்சோர்வுக்கு ஆளானவர். சிகிச்சை தேவைப்பட்டவர்களில் 100க்கு 85 பேர் போல அதைப் பெறவில்லை. மருத்துவர் பற்றாக்குறை ஒரு காரணம். அல்சூரைக் காலி செய்ய வேண்டியிருக்குமே என்ற பயம் இன்னொன்று. பயப்படுபவர்களுக்கு இப்போது ஒரு பக்கவாசல் இருக்கிறது. 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய டெலி மானஸ் தொலைபேசி உதவி: எண் 14416, கட்டணமில்லை, 24 மணி நேரமும், தமிழிலும் பேசலாம். இதன் தலைமை மையமும் நிம்ஹான்ஸ்தான். வாசலில் யாரும் நம்மைப் பார்க்க முடியாது என்பது கூடுதல் சௌகரியம்.

இந்த விவரங்களை எல்லாம் நண்பருக்குப் போனில் சொன்னேன். சிவனசமுத்திரம் உதாரணம் அவருக்குப் பிடித்திருந்தது. லேத்காரர் அல்லவா. "அப்ப மிஷின் நல்லாத்தான் இருக்கு, சப்ளைதான் லோ வோல்டேஜ்ங்கறே" என்றார். எலியில் பார்த்தது என்று மறுபடியும் எச்சரித்தேன். "எலியோ புலியோ, லோ வோல்டேஜ்ல மோட்டாரை ஓடு ஓடுன்னு விரட்டினா காயில்தான் எரியும். எனக்குத் தெரியாதா?" என்றார். அடுத்த வாரம் மகனை ஒரு மனநல மருத்துவரிடம் அழைத்துப் போனார்கள். ஊரை விட்டுத் தள்ளி இருக்கும் கிளினிக்காகத் தேடிப் பிடித்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

போன வாரம் பேசினார். மாத்திரை ஆரம்பித்து ஐந்து வாரம். வாரம் ஒரு நாள் ஆலோசனை. முதல் தடவை டாக்டர் பாதி நேரம் தூக்கத்தைப் பற்றியே கேட்டாராம். காலை வெயிலில் அரை மணி நேரம் ஏரிக்கரையில் நடக்கச் சொல்லியிருக்கிறார். நான்கு நாள் போவான், மூன்று நாள் போகமாட்டான். வேலைக்கு இன்னும் திரும்பவில்லை.

"இப்ப என்ன பண்றான்?" என்று கேட்டேன்.

"ஒம்பதரைக்கு எழுந்தான். பல் தேய்ச்சாச்சு. பேப்பர் படிச்சிட்டிருக்கான்" என்றார்.